அலை திரும்பும்போது அழுத்துங்கள்

கடற்கரையில் படம் எடுக்கும்போது, அலை பாய்ந்து வரும் நேரத்தைவிட அது கரையைத் தொட்டுத் திரும்பும் நேரம்தான் தோது. கேமராவை முக்காலியில் வைத்து, ஷட்டர் வேகத்தை, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை, அரை நொடிக்குக் கொண்டுவாருங்கள். வெளிச்சம் அதிகமென்றால், லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேவைப்படும். பின்வாங்கும் நுரை வெள்ளைக் கோடுகளாக நீண்டு, பார்வையைக் கடலுக்குள் இழுத்துப்போகும். 30 நொடி வைத்தால் கோடுகள் கரைந்து மூடுபனி போலாகிவிடும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. லென்ஸில் உப்புத் துளி படிந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

எடிட்டிங்கில் முதல் வேலை அடிவானத்தை நேராக்குவது. கடல் ஒரு டிகிரி சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும். அப்புறம் ஹைலைட்டை, அதாவது படத்தின் மிக வெளிச்சமான பகுதிகளின் பிரகாசத்தை, குறைத்தால் நுரையின் நுணுக்கம் தெரியும். ஆனால் முழுக்க வெளுத்துப்போன இடத்தை மீட்க முடியாது. எடுக்கும்போதே எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை) கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.