சென்னையில் ஒருநாள் பீச் டிரிப்: வாடகைக் காரா, பஸ்ஸா? பலரும் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது "நாளைக்கு பீச் போலாமா" என்று கேட்டால், அடுத்த பதில் பெரும்பாலும் "கார் எடுத்துக்கலாம்" என்றுதான் வருகிறது. எந்தக் கடற்கரை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எதுவும் முடிவாகியிருக்காது, வண்டி மட்டும் முடிவாகிவிடும். நகரத்துக்குள் இருக்கும் கடற்கரைக்கு ஒரு கணக்கு, ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கோவளம் தாண்டிப் போக வேறொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் மெரினாவுக்குக் காரில் போய் நிறுத்த இடமில்லாமல் சுற்றுகிறார்கள், கைக்குழந்தையோடு மாமல்லபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறார்கள்.

மெரினாவுக்கும் பெசன்ட் நகருக்கும் கார் எடுப்பது

மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் இந்த மூன்றுக்கும் போக வாடகைக் கார் எடுப்பது காசு கொடுத்துத் தலைவலி வாங்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் காமராஜர் சாலையில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். உள்ளே எப்படியோ ஒரு இடம் பிடித்து நிறுத்தினாலும், கிளம்பும்போது பின்னால் யாரோ குறுக்கே விட்டுவிட்டுச் சுண்டல் வாங்கப் போயிருப்பார். காணும் பொங்கல் அன்று கேட்கவே வேண்டாம், போக்குவரத்தையே திருப்பிவிடுவார்கள். பெசன்ட் நகரில் வேளாங்கண்ணி மாதா கோவில் திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் தொடங்கி செப்டம்பர் 8 வரை நடக்கும். காலண்டரைப் பார்க்காமல் அந்த நாட்களில் காரோடு போனால், கடலைப் பார்ப்பதைவிட முன்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டியிருக்கும்.

மெரினாவுக்குப் பறக்கும் ரயில் போதும். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ஆனால் இதிலும் வெளியூர்க்காரர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. "சென்னை கடற்கரை" என்று பலகை போட்ட ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே ராஜாஜி சாலையும் துறைமுகமும்தான் இருக்கும், மணலும் இல்லை பஜ்ஜியும் இல்லை. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் இவற்றில் ஒன்றில் இறங்குங்கள். எதில் இறங்கினாலும் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கத்தான் வேண்டும், கலங்கரை விளக்கம் ஸ்டேஷன் என்பதால் விளக்கின் காலடியில் கொண்டுபோய் விடாது. 2023 ஆகஸ்டில் நான்காவது பாதை வேலைக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே ரயிலை நிறுத்தினார்கள், 2024 அக்டோபர் கடைசியில் திரும்ப விட்டார்கள். அந்தப் பழைய செய்தியை மனதில் வைத்துக்கொண்டு "அந்த ரயில்தான் ஓடறதில்லையே" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஞாயிறு அட்டவணை மட்டும் வேறு, ரயில்கள் குறைவு, அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் சரி.

திருவான்மியூர் கதை வேறு. அங்கே பறக்கும் ரயில் ஸ்டேஷன் ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம், டைடல் பார்க் அருகே இருக்கிறது. கடற்கரைக்கு இரண்டு கிலோமீட்டர் போல வரும், வெயிலில் நடக்க வேண்டாம், பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள். பெசன்ட் நகருக்கு ரயிலே கிடையாது. ஆனால் பெரம்பூரிலிருந்து 29சி, அயனாவரத்திலிருந்து 23சி என்று நகரத்தின் மறுகோடியிலிருந்தெல்லாம் பஸ் வருகிறது, பஸ் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கடல்.

இரண்டு பேருக்கு ஒரு கார்

இனி கோவளம், மாமல்லபுரம். இங்கே கார் நியாயமான யோசனைதான், ஆனால் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்த பிறகு. வாடகை ஆப்பில் தெரிகிற தொகையை மட்டும் பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்று புக் பண்ணுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஒரு சின்னக் காருக்கு நாள் வாடகை 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகரத்தின் நடுவிலிருந்து மாமல்லபுரம் போய்வர, அங்கே இங்கே சுற்றியதையும் சேர்த்து 130 கிலோமீட்டர் ஆகும். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்தால் ஒன்பது லிட்டர், பெட்ரோல் நூறு ரூபாய்க் கணக்கில் 900. உத்தண்டி சுங்கச்சாவடி, மாமல்லபுரத்தில் வண்டிக் கட்டணம், பார்க்கிங் எல்லாம் சேர்த்தால் 3,600 ரூபாய்க்குக் குறையாது. ஐந்து பேர் என்றால் தலைக்கு 700 சொச்சம், வசதிக்கு அது தகும். இரண்டு பேர் என்றால் தலைக்கு 1,800. பஸ்ஸில் போனால் ஆட்டோவையும் சேர்த்து ஒருவருக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம் இது. சாதாரணக் கட்டணப் பஸ்ஸாக வந்தால் பெண்களுக்கு அந்தச் செலவும் இல்லை, 2021 மே முதல் மாநகரப் பேருந்தில் அவர்களுக்கு இலவசம்.

தலைக்கணக்கு ஒன்று மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. வயதானவர்கள் இருக்கிறார்களா, குழந்தை கடலில் நனையப் போகிறதா, போகிற வழியில் முட்டுக்காடு படகுத்துறை, தட்சிணசித்ரா, வடநெம்மேலி முதலைப் பண்ணை என்று நாலு இடத்தில் இறங்க ஆசையா? அப்படியென்றால் கார் எடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நிற்பது அரை நாளைத் தின்றுவிடும். (தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அந்த நாளில் கார் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.) நேராக மாமல்லபுரம், கடற்கரைக் கோவில், கொஞ்ச நேரம் அலை, சாப்பாடு, வீடு என்றால் பஸ்ஸே போதும். ஊருக்குள் கோவில், அர்ச்சுனன் தபசு எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம், ஐந்து ரதம் மட்டும் கொஞ்சம் தள்ளி.

பஸ்ஸில் போகிறவர்கள் தவறவிடுவது

அடையாறு, திருவான்மியூர் பக்கமிருந்து 588, தாம்பரத்திலிருந்து 515 ஆகிய மாநகரப் பேருந்துகள் மாமல்லபுரம் ஊருக்குள்ளேயே போகும். அவசரத்தில் ஈசிஆர் வழியாகப் போகும் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் பெரும்பாலும் பூஞ்சேரி பக்கம் புறவழிச் சாலையிலேயே இறக்கிவிடுவார்கள். அங்கே காத்திருக்கும் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. ஏறும்போதே நடத்துநரிடம் "ஊருக்குள்ள போகுமா அண்ணே" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கோவளத்திலும் இதே சங்கதி, ஈசிஆர் நிறுத்தத்தில் இறங்கினால் கடற்கரை உள்ளே தள்ளித்தான் இருக்கிறது.

போகிற நேரத்தைத் திட்டமிடுகிற அளவுக்கு யாரும் திரும்புகிற நேரத்தைத் திட்டமிடுவதில்லை. ஞாயிறு மாலை கோவில் மூடுகிற ஆறு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். நடுவழி நிறுத்தத்தில் கை காட்டினால் நிரம்பி வழிகிற பஸ் நிற்காமலே போகும். நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள், இல்லையென்றால் பஸ் நிலையத்துக்கே போய் அங்கேயே ஏறி உட்காருங்கள். "போகும்போது பஸ், வரும்போது ஆப்பில் கால் டாக்சி" என்பது கேட்க நன்றாக இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மாமல்லபுரத்தில் நின்று புக் பண்ணிப் பார்த்தால்தான் தெரியும். காலியாகத் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு டிரைவரும் கேன்சல் செய்வார், அல்லது இரண்டு மடங்கு கேட்பார். டாக்சிதான் வேண்டும் என்றால் காலையிலேயே டிரைவரோடு நாள் வாடகைக்கு, பேட்டா எவ்வளவு என்று பேசி எடுத்துவிடுங்கள். யாருக்கும் ஸ்டியரிங் பிடிக்க மனமில்லாத குடும்பத்துக்கு அதுதான் நல்லது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

கோவளத்தில் குளிக்கிற எண்ணம் இருந்தால் 2021-இல் நீலக்கொடிச் சான்று (சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தருவது) பெற்ற பகுதிக்கே போங்கள். உடை மாற்றவும் உப்புத் தண்ணீரைக் கழுவிக்கொள்ளவும் அங்கே வசதி இருக்கிறது. ஈரத்துணியோடு பஸ் சீட்டில் உட்கார்ந்து பக்கத்துச் சீட்டுக்காரரின் முறைப்பை வாங்க வேண்டியதில்லை.

செல்ஃப் டிரைவ் எடுத்தால்

முதலில் நம்பர் பலகையைப் பாருங்கள். செல்ஃப் டிரைவ் வாடகைக்குப் பதிவான வண்டியில் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்து என்றால் டிரைவரோடு ஓடும் டாக்சி. வெள்ளைப் பலகை என்றால் அது யாரோ ஒருவருடைய சொந்த வண்டி. தெரிந்தவர், பாதி விலை, டெபாசிட் வேண்டாம் என்று சொல்லி வெள்ளை போர்டு வண்டியைக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். சொந்த வண்டிக்கான காப்பீடு வாடகைக்கு ஓட்டும்போது செல்லாது. ஒன்றும் நடக்காதவரை லாபம்தான், ஈசிஆரில் யாரையாவது இடித்துவிட்டால் முழுச் செலவும் உங்கள் தலையில் விழும். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க இந்த வேலை வேண்டாம்.

அடுத்தது மணல். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் ஊழியர் கதவைத் திறந்ததும் முதலில் கீழே இருக்கும் கால்மிதியைத்தான் தூக்கிப் பார்ப்பார். அதன் அடியிலும் சீட் தண்டவாளத்திலும் மணல், பின்சீட்டில் ஈரம் காய்ந்த உப்புக் கறை இருந்தால் சுத்தம் செய்ய என்று ஒரு தொகை டெபாசிட்டில் பிடிப்பார்கள். ஒரு பழைய போர்வை, இரண்டு பெரிய பிளாஸ்டிக் பை, கால் கழுவ ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஆகியவற்றை டிக்கியில் போட்டுக்கொண்டு போனால் அந்தப் பணம் மிச்சம். அப்புறம் சாவி. இப்போதைய கார்ச் சாவிக்குள் எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, அரைக்கால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலையில் இறங்கினால் சாவி போச்சு, புதுச் சாவிக்கு ஆகிற செலவு வாடகையைவிட அதிகமாகலாம். குளிக்காத ஒருவரிடம் சாவி இருக்கட்டும்.

சவுக்குத் தோப்புக்குள் போகும் மண்பாதையைப் பார்த்து "கடல் வரைக்கும் வண்டி போகும்" என்று இறக்குபவர்களும் உண்டு. முன்சக்கரம் மணலில் புதைந்த பிறகு ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழேதான் போகும். இழுத்து வெளியே எடுக்கும் கூலியை வாடகை நிறுவனம் கொடுக்காது. தார்ச்சாலை முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நேரத்தை இறுக்கமாக வைக்காதீர்கள். ஞாயிறு மாலை அக்கரையிலிருந்து திருவான்மியூர் வரை எவ்வளவு நேரமாகும் என்று எந்த மேப்பும் காலையிலேயே சொல்லாது. எட்டு மணிக்கு வண்டியை விட வேண்டும் என்றால் தாமதக் கட்டணத்தைப் பயந்து ஈசிஆரில் விரட்டுவீர்கள், அந்தச் சாலையில் அது உயிரோடு விளையாடுவது. இரண்டு மணி நேரம் கூடுதலாகவே புக் பண்ணுங்கள். ஓட்டுகிறவர் யார் என்பதையும் காலையிலேயே முடிவு செய்யுங்கள், அவர் குடிக்கக் கூடாது. முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

எடுக்கும்போதே நான்கு பக்கமும், சக்கரமும், மீட்டரில் கிலோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், கொடுக்கும்போதும் அதே மாதிரி இன்னொன்று. வேகக் கேமராவில் மாட்டினால் சலான் நேரே உங்களுக்கு வராது. முதலில் நிறுவனத்துக்குப் போகும், சில நாள் கழித்து உங்கள் டெபாசிட்டில் கழிந்திருக்கும். டெபாசிட் முழுதாகக் கணக்கில் ஏறும்வரை அந்த வீடியோக்களைப் போனிலிருந்து அழிக்காதீர்கள்.