ஜூன் 31 உள்ளே வரக்கூடாது: ஜாவாவில் தேதியைச் சரிபார்ப்பது எப்படி?

பட்டர்வொர்த்தில் நான் மாலையில் கணக்குச் சொல்லித்தரும் டியூஷன் நிலையத்துக்கு, மாணவர் பதிவுக்காக ஜாவா நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒரு பிள்ளையின் பிறந்த தேதியை யாரோ 31/06/2012 என்று தட்டிவிட்டார்கள். நிரல் மூச்சுவிடாமல் அதை 30/06/2012 ஆக்கிச் சேமித்துவிட்டது. ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பிள்ளை பிறந்தது 21ஆம் தேதி.

படி 1. பிறந்த தேதிக்கென்று தனி கிளாஸ் எழுதுங்கள். உள்ளே ஒரே ஒரு லோக்கல்டேட் (நேரமில்லாமல் தேதியை மட்டும் வைக்கும் ஜாவா வகை). அது பிரைவேட் (வெளியிலிருந்து தொட முடியாது), ஃபைனல் (ஒருமுறை வைத்தால் மாறாது). மதிப்பை மாற்றும் செட்டர் வேண்டாம். சரிபார்ப்பு, பொருளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரிலேயே நடக்கட்டும், தப்பென்றால் அங்கேயே எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு). சரிபார்க்கத் தனி மெத்தட் வைத்தால், அதைக் கூப்பிட என்றாவது ஒருநாள் மறந்துபோகும்.

படி 2. நாள், மாதம், ஆண்டு எண்களாக வந்தால் லோக்கல்டேட்டின் 'ஆஃப்' மெத்தட் போதும். 29/02/2023ஐ மறுத்துவிடும். 1900 லீப் ஆண்டு இல்லை, 2000 லீப் ஆண்டு என்பதும் அதற்குத் தெரியும்.

படி 3. எழுத்தாக வந்தால்தான் வம்பு. எனக்கு இரண்டு ராத்திரி போனது இங்கேதான். எழுத்தைத் தேதியாகப் படிக்கும் டேட்டைம்ஃபார்மேட்டர் வழக்கமாக 'ஸ்மார்ட்' முறையில் ஓடும். நாள் 31க்குள் இருந்து, அந்த மாதத்தில் இல்லாததென்றால், மாதத்தின் கடைசி நாளுக்கு இழுத்துக்கொள்ளும். பிழை என்றே சொல்லாது. அதனால் இந்த முறையைத் தீர்மானிக்கும் ரிசால்வர்ஸ்டைலை 'ஸ்ட்ரிக்ட்' ஆக்கினேன். இப்போது நல்ல தேதியையும் சேர்த்து எல்லாவற்றையும் மறுத்தது! காரணம், தேதியின் வடிவத்தைச் சொல்லும் எழுத்துகளில் ஆண்டுக்கு நான் போட்டிருந்த நான்கு 'ஒய்'. அது கி.மு., கி.பி. எது என்று தெரிந்தால்தான் ஆண்டாகும். ஸ்ட்ரிக்ட் முறை அதை ஊகிக்காது. நான்கு சின்ன 'யு' போட்டதும் சரியானது. மாதத்துக்குப் பெரிய 'எம்', சின்னது நிமிடம்.

இதே வேலைக்கு முன்பு இருந்த பழைய சிம்பிள்டேட்ஃபார்மட்டைத் தொடவே தொடாதீர்கள். சும்மா விட்டால் அது ஜூன் 31ஐ ஜூலை 1 ஆக்கும். 2014இல் ஜாவா 8 வந்த பிறகு அதற்கு அவசியமும் இல்லை.

பின்சேர்க்கை: ஐசியின் ஆறு இலக்கத்தை இரண்டு 'யு' போட்டுப் படித்த வாசகர் ஒருவருக்கு, 68இல் பிறந்த அப்பா 2068இல் பிறந்தவராக வந்தாராம். இரண்டு இலக்க ஆண்டை ஜாவா 2000 முதல் 2099க்குள்தான் வைக்கும். கிடைத்த தேதி இன்றைக்குப் பிந்தியதென்றால் நூறு ஆண்டு கழித்துவிடுங்கள். நூறு வயது தாண்டிய பாட்டிக்கு இது உதவாது. அவருக்கு ஆண்டை நான்கு இலக்கத்தில் கேட்டே வாங்குங்கள்.