ஸ்ரீரங்கம் போகிறீர்களா? அரை நாளாவது ஒதுக்குங்கள்

திருச்சிக்கு வருகிறவர்கள் பலர் ஸ்ரீரங்கத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். 156 ஏக்கர், 7 பிரகாரம், 21 கோபுரம் உள்ள கோயில் அது. காலை ஆறு மணிக்கெல்லாம் அங்கே இருப்பது நல்லது, மதியத்தில் நடை சாத்திவிடுவார்கள்.

சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் திருச்சி ஜங்ஷன் வரை போக வேண்டாம், பல ரயில்கள் ஸ்ரீரங்கத்திலேயே நிற்கின்றன. ஊருக்குள் இருந்து வருபவர்களுக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் 1-ம் நம்பர் டவுன் பஸ் இருக்கிறது.

முதலில் அம்மா மண்டபம், காவிரிக் கரையில் உள்ள படித்துறை அது. காவிரியில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவதுதான் முறை, ஆனால் எல்லா மாதமும் தண்ணீர் இருக்காது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள், கோடையில் போனால் ஆற்றில் மணல்தான் அதிகம் தெரியும். வெள்ளம் போகும் நாளில் ஆழத்துக்குப் போகாமல் படியிலேயே நின்று தலையில் தெளித்துக்கொண்டால் போதும். பழைய துணியை ஆற்றில் விடுவது பரிகாரம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், காவிரி நம் தாய், அவளிடம் குப்பையைக் கொடுக்கக் கூடாது.

அங்கிருந்து நேராக நடந்தால் ராஜகோபுரம். 13 நிலை, 236 அடி. பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்றது 1987-ல்தான் முழுமையானது. அதைத் தாண்டினால் கோயில் வந்துவிட்டது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றாதீர்கள். சித்திரை வீதி, உத்திர வீதி என்று வெளிப் பிரகாரங்களெல்லாம் வீடும் கடையுமாக இருக்கும். ரங்கா ரங்கா கோபுரத்துக்கு முன்னால் விட்டால் சரி.

உள்ளே போனதும் எல்லோரும் பெருமாள் வரிசைக்கு ஓடுவார்கள். முதலில் தாயாரைச் சேவியுங்கள், பெரியவர்கள் சொல்லும் வழி அதுதான், ரங்கநாயகித் தாயார் படி தாண்டாதவள், தன் சன்னதியை விட்டு வெளியே வரமாட்டாள், பங்குனி உத்திரத்தன்று உற்சவரான நம்பெருமாளே அவள் சன்னதிக்கு வந்து சேர்த்தி சேவை, அதாவது இருவரும் சேர்ந்திருக்கும் தரிசனம், தருவார். அப்புறம் மூலவரான பெரிய பெருமாள். தெற்கே இலங்கையைப் பார்த்துப் பள்ளிகொண்டிருக்கிறார். உள்ளே நிற்கச் சில நொடிதான் கிடைக்கும், அதனால் திருவடியிலிருந்து தொடங்கி மெதுவாகத் திருமுகத்துக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் வயதானவர்களை அழைத்துவர வேண்டாம் என்பது என் கருத்து, கூட்டம் அப்படி.

உடையவர், அதாவது வைணவ ஆசாரியர் ராமானுஜர், சன்னதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அமர்ந்த கோலத்தில் இருப்பது அவருடைய தானான திருமேனி, அதாவது சிலையல்ல, அவர் உடலே என்பது சம்பிரதாயம். அபிஷேகம் கிடையாது, பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும்தான் சாத்துகிறார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அவரைப் பார்க்காமல் பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை.

நேரம் மிச்சமிருந்தால் சேஷராயர் மண்டபத்தில், முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரைகள் உள்ள தூண்களின் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள்.