சொல்லாமல் உறையும் லினக்ஸ்

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் பில் போடும் லினக்ஸ் பெட்டிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். திரை நின்றதும் பவர் பட்டன் பக்கம் கை போகக் கூடாது. கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். தானாக விட்டுவிட்டு எரிந்தால் கெர்னல் பேனிக்; அதாவது லினக்ஸின் மையமான கெர்னலே செயலிழந்துவிட்டது. இல்லையென்றால் இன்னொரு கணினியிலிருந்து பிங் (நெட்வொர்க்கில் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போடுங்கள்; பதில் வந்தால் கெர்னல் உயிரோடுதான் இருக்கிறது, தூரத்திலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முயலலாம்.

பதிலே இல்லையா? ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஸ், யு, பி என்று நிதானமாக ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். வட்டில் எழுத வேண்டியதை எழுதி, படிக்க மட்டும் என்று மாற்றி, மறுதொடக்கம் செய்யும். உபுண்டுவில் இந்த மூன்றுக்கும் அனுமதி உண்டு.

அப்புறம், உறைவதற்கு முன் ஓடிய முந்தைய பூட்டின் ஜர்னலை, அதாவது கணினியின் பதிவேட்டைப் படியுங்கள். தொல்லை என்னவென்றால், கடைசி வரிகள் பெரும்பாலும் வட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அதனால் கெர்னலின் நெட்கன்சோல் வசதியை முன்கூட்டியே இயக்கி வையுங்கள். கெர்னல் செய்திகள் யுடிபி என்ற நெட்வொர்க் முறை வழியாகப் பக்கத்துக் கணினிக்கு உடனுக்குடன் போய்விடும். அதில் எந்த டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) பெயர் கடைசியாக வருகிறதோ, முதல் சந்தேகம் அதன்மேல்.

ஒன்றுமே பதிவாகவில்லையா, வன்பொருள்மேல் சந்தேகப்படலாம். ராத்திரி முழுக்க, நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் பெட்டி சூடேறியும் உறையலாம்; பாலிஷ் தூசி அப்பிய ஃபேனையும் கழற்றிப் பாருங்கள்.