ஓயாத ரெண்டர் காத்திருப்பு: எடிட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடியோ எடிட்டிங்கில் ஒரு கட் போட்டால் டைம்லைன் (க்ளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை) நிற்கிறது, ஒரு டைட்டில் வைத்தால் நிற்கிறது. உடனே கை ரெண்டருக்கு (எஃபெக்ட்டோடு படத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பதற்கு) போகும், மனசு புது கம்ப்யூட்டருக்குப் போகும். அதற்கு முன்னால், வேலை எங்கே சிக்குகிறது என்று பார்த்துவிடுங்கள். ஒரு க்ளிப் ஓட வேண்டுமென்றால் டிஸ்க்கிலிருந்து ஃபைலைப் படிக்க வேண்டும், சுருக்கி வைத்த படத்தை விரிக்க வேண்டும், அதன் மேல் எஃபெக்ட் போட வேண்டும். எஃபெக்ட்டுகளை எல்லாம் ஆஃப் செய்துவிட்டு க்ளிப்பை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் திணறினால் கோளாறு ஃபைலிலோ டிஸ்க்கிலோ இருக்கிறது. சீராக ஓடினால் எஃபெக்ட்டில். இதைப் பார்க்காமல் ரெண்டர் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் முதல் தவறு.

பெரும்பாலும் மாட்டுவது ஃபைல்தான். கேமராவும் போனும் எடுத்துத் தரும் எச்.264, எச்.265 ஃபைல்களை அப்படியே டைம்லைனில் போடுகிறோம். இடம் மிச்சமாக வேண்டும் என்று உருவான வடிவங்கள் இவை. ஒரு முழுப் படம் இருக்கும். அதற்குப் பின்னால் வரும் பல ஃப்ரேம்களில் (வீடியோவின் தனித்தனிப் படங்களில்) மாறிய பகுதி மட்டும்தான் பதிவாகியிருக்கும். நேராக ஓட்டிப் பார்க்க இது பிரச்சினையில்லை. எடிட்டிங்கில் நாம் முன்னும் பின்னும் தாவுகிறோம். நடுவில் ஒரு ஃப்ரேமில் நிறுத்தினால், அதைக் காட்ட மென்பொருள் அதற்கு முன்னால் உள்ள முழுப் படத்தைத் தேடி, அங்கிருந்து வரிசையாகக் கணக்குப் போட்டு வர வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் இதே கதை.

இதற்கு மருந்து ப்ராக்ஸி. அசல் ஃபைலுக்குப் பதிலாக ஒரு லேசான நகலை வைத்து எடிட் செய்வது. 4கே ஃப்ரேம் ஒன்றில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். 1080பி ஃப்ரேமில் சுமார் 21 லட்சம். ஆக, சுமை அங்கேயே கால்வாசியாகிவிடும். ப்ரோரெஸ் ப்ராக்ஸி, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி போன்ற வடிவங்களில் எடுத்தால் இன்னொரு லாபமும் உண்டு: ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாக முழுசாக இருக்கும் என்பதால், எங்கே தாவினாலும் படம் உடனே வரும். இடம் அதிகம் பிடிக்கும், உண்மைதான். 1080பி ப்ரோரெஸ் ப்ராக்ஸி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 20 ஜிபி வரும். வேலை முடிந்ததும் அழித்துவிடலாம், அசல் பத்திரமாக இருக்கும். ப்ராக்ஸியின் ஃப்ரேம் ரேட்டும் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது) ஆடியோ சேனல்களும் அசலோடு ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் கவனியுங்கள். ஃபோகஸ், நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல்), கலர் பார்க்கும்போது ப்ராக்ஸியை ஆஃப் செய்து அசலைப் பாருங்கள்.

போன் வீடியோவில் இன்னொரு சங்கடம், ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது. டைம்லைன் திணறுவதோடு, போகப் போக ஆடியோவும் விலகும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

சரி, சிக்கல் எஃபெக்ட்டில் என்றால்? வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது இங்கே ரொம்ப முக்கியம். கட் இன்னும் உறுதியாகவில்லை, அதற்குள் நாய்ஸ் ரிடக்‌ஷன், ஸ்டெபிலைசர் (காட்சியின் ஆட்டத்தைக் குறைப்பது), ஸ்லோமோஷனுக்கு ஆப்டிகல் ஃப்ளோ (இடைப்பட்ட ஃப்ரேம்களைக் கணக்கிட்டு உருவாக்குவது) எல்லாம் போட்டுவிடுகிறார்கள். ரெண்டர் ஆன ஒரு க்ளிப்பில் எஃபெக்ட்டைச் சற்றே நகர்த்தினாலும் அந்த ரெண்டர் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. முழு டைம்லைனுக்கும் மேலே ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (கீழே உள்ள எல்லாக் க்ளிப்புக்கும் எஃபெக்ட் தரும் அடுக்கு) போட்டுவிட்டு அதைத் தொட்டுக்கொண்டே இருந்தால், படம் முழுவதற்கும் இதே நிலைமை. முதலில் கட் முடியட்டும். அப்புறம் கனமான எஃபெக்ட். டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் எஃபெக்ட்டும் கலரும் ‘நோடு’ என்ற கட்டங்களாக வரிசையில் இணைந்திருக்கும். அதில் நாய்ஸ் ரிடக்‌ஷனை முதல் நோடில் வைத்து அந்த நோடை மட்டும் கேஷ் செய்யுங்கள் (கணக்கிட்டதைச் சேமித்து வைப்பது). அதற்குப் பின்னால் வரும் நோடுகளில் கலரை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கேஷ் கலையாது. இதையே கடைசி நோடில் வைத்தால், கலரை ஒவ்வொரு முறை தொடும்போதும் கனமான கணக்கு மறுபடி நடக்கும். பிரீமியர் ப்ரோ மென்பொருளில் ஸ்டெபிலைசர் போட்டு முடிவான க்ளிப்பை ‘ரெண்டர் அண்ட் ரிப்ளேஸ்’ (எஃபெக்ட்டோடு புது ஃபைலாக்கி மாற்றி வைப்பது) கொடுத்துவிட்டால் அந்தச் சுமை தீர்ந்தது. அசலுக்குத் திரும்பவும் அதில் வழி இருக்கிறது.

பிரீமியரில் டைம்லைனுக்கு மேலே வரும் கோடுகளையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மஞ்சளைப் பார்த்ததும் என்டரைத் தட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். மஞ்சள் என்றால் ரெண்டர் ஆகவில்லை, ஆனாலும் அநேகமாகத் தடையின்றி ஓடும் என்று பொருள். ஓட்டிப் பாருங்கள், ஓடினால் விட்டுவிடுங்கள். சிவப்பு வந்த இடத்துக்கு மட்டும் தொடக்கமும் (இன்) முடிவும் (அவுட்) குறித்து ரெண்டர் கொடுத்தால் போதும். எங்கு பார்த்தாலும் சிவப்பாக இருக்கிறதா? ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரர் ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு பொருத்தியிருந்தும் அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

ப்ளேபேக் ரெசல்யூஷனை (எடிட் செய்யும்போது திரையில் ஓடும் படத்தின் தெளிவை) ‘ஃபுல்’லிலேயே வைத்திருப்பதும் வீண் சுமை. பாதிக்குக் குறைத்தால் பிக்சல் கால்வாசியாகும். கட் செய்வதற்கு அது தாராளம். எக்ஸ்போர்ட் ஆகும் படத்தின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டிஸ்க் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை: ஃபுட்டேஜும் கேஷும் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் பொதுவாக நொடிக்கு 100 முதல் 200 எம்பி வரைதான் தரும், அதுவும் ஃபைல்கள் வரிசையாக இருந்தால். மல்டிகேமில் (பல கேமராக் காட்சிகளை ஒன்றாக வைத்து எடிட் செய்வதில்) நான்கு க்ளிப் ஒரே நேரத்தில் ஓடும்போது அதன் முள் இங்கும் அங்கும் ஓடிக் களைத்துவிடும். பழைய ப்ராஜெக்ட்டுகளின் கேஷை அவ்வப்போது அழித்து, எஸ்எஸ்டியில் கொஞ்சம் இடம் காலியாக வைத்திருங்கள்.

லேப்டாப்பில் வேலை செய்கிறவர்கள் சார்ஜரைச் செருகிவிட்டு உட்காருங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்புகளில் கிராஃபிக்ஸ் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 6000 பிக்சல் அகலமுள்ள போட்டோக்களை 1080பி டைம்லைனில் அப்படியே அடுக்க வேண்டாம். ஜூம் செய்யப் போவதில்லையென்றால் முன்கூட்டியே சின்னதாக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள்.