கார்த்திகைப் பனியில் வீட்டுக்கு வரும் பறவைகள்: புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கம் ஜவ்வாது மலையடியில் வீடு இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நம் வேலூர்ப் பக்கம் வெண்பனி கொட்டுவதில்லை. விடியலில் மூட்டம் போடும், புல்லெல்லாம் நனைந்து கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் குளிர் இறுகிப் பனி விழத் தொடங்கினால் அங்கே பூச்சி கிடைக்காது. அதனால் கிளம்பிவரும் பறவைகளில் சில நம் கிணற்றடியில்தான் வந்து இறங்குகின்றன. அவற்றைப் பார்க்க ஆரம்பத்தில் பைனாகுலர்கூட வேண்டாம்.

1. நேரம்

புரட்டாசியிலேயே வரத்து தொடங்கிவிடும். ஆனாலும் ஐப்பசி அடைமழை விட்டு, கார்த்திகையில் வானம் வெளுத்த பிறகு பார்ப்பதுதான் சுலபம். மேகமில்லாத இரவில் தரையின் சூடு தங்காமல் போய்விடும். அதனால்தான் மறுநாள் காலை பனி அதிகம். அப்படிப்பட்ட நாளில் வெயில் புல்லைத் தொடும்வரை பொறுங்கள். பூச்சி எழுந்தால்தான் பறவை இறங்கும்.

2. உட்காரும் இடம்

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். துவைக்கிற கல், மாட்டுத் தொட்டி, எருக்குழி என ஈரமும் பூச்சியும் உள்ள இடத்தைப் பார்த்து உட்காருங்கள். வைக்கோல் போர் ஓரமாகவோ வரப்பிலோ போனால் செருப்பும் டார்ச்சும் கட்டாயம். கண்ணாடி விரியன் படுத்திருக்கும் இடங்கள் அவை.

முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் வாலாட்டி. கறுப்பு முதுகும் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவமும் இருந்தால் அது வருஷம் முழுக்க இங்கேயே இருக்கும் வெண்புருவ வாலாட்டி. சாம்பல் முதுகு, வாலடியில் பளிச்சென்ற மஞ்சள், நிற்கும்போதும் ஓயாமல் மேலும் கீழும் ஆடும் நீண்ட வால் என்றிருந்தால் வந்திருப்பது குளிர்கால விருந்தாளி. வேலிக்கம்பி மேல் கண்ணில் கறுப்புப் பட்டையோடு உட்கார்ந்து கடுமையாகக் கத்துவது பழுப்புக் கீச்சான்.

3. சருகைப் பெருக்காதீர்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மாமரம், புளியமரத்தடியைத் துடைத்த மாதிரி பெருக்கிக் கொளுத்தும் பழக்கத்தால் ஆறுமணிக் குருவிக்கு இரை இல்லாமல் போகிறது. பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு, குட்டை வால். இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் இரவிரவாகப் பறந்து வரும். சருகை அலகால் புரட்டிப் புழு, பூச்சி தின்னும். இத்தனை நிறம் இருந்தும் நிழலில் கண்ணுக்கு அகப்படாது. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்டால் அப்படியே நின்றுவிடுங்கள்.

வந்த புதிதில் களைத்துப்போய் வீட்டுக்குள்ளோ ஜன்னலடியிலோ விழுந்து கிடப்பதும் உண்டு. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்துவிட்டால் அந்தியில் மரத்தடியில் விட்டுவிடலாம், இல்லையென்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

4. தண்ணீர்

அகலமான மண்சட்டி போதும். இரண்டு அங்குலத்துக்கு மேல் நீர் வேண்டாம், நடுவில் ஒரு கல் வையுங்கள். தினமும் மாற்றுங்கள். பூனை பதுங்கும் புதருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

5. குறிப்பு

தேதி, நேரம், எங்கே, என்ன செய்தது: பெயர் தெரியாவிட்டாலும் இந்த நான்கையும் நோட்டில் எழுதுங்கள். நிறத்தைவிட நடத்தையை வைத்துத்தான் பெயரைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும். கைப்பேசியில் மெர்லின் செயலி இருந்தால் குரலைப் பதிந்து ஒப்பிடலாம். ஆனால் அது சொல்வதைக் கண்ணால் பார்த்த பிறகே நம்புங்கள்.

கை பழகியதும் ஏரிக்கரைக்குப் போகலாம். நல்ல மழை பெய்து காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பிய வருஷங்களில் நீர்ப்பறவைகளுக்குப் பஞ்சமில்லை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து இரண்டையும் தேடிப் பாருங்கள்.

அப்புறம், தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து பார்த்ததை எல்லாம் எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிய வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தே எண்ணலாம்; காக்கை, மைனாவையும் விட்டுவிடாதீர்கள்.