மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பிய இரவு

சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வீட்டில் இரவு ஒன்பதரைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல் 38.6 டிகிரி. தாதியர் ஆலோசனைத் தொலைபேசிக்கு அழைத்தேன். கடைசியாக எத்தனை மணிக்கு மருந்து, என்ன மருந்து என்று கேட்டதும் எனக்குப் பதில் வரவில்லை. சரி, ஐந்து நிமிடத்தில் மறுபடி அழைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இருந்த மாத்திரை அட்டைகளையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். நேரங்களைத் தாளில் எழுதினேன். அப்புறம் ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

தாதி ஒவ்வோர் அட்டையையும் படிக்கச் சொன்னார். பனடாலிலும் சளி மாத்திரையிலும் ஒரே பாரசிட்டமால்! இரண்டையும் சேர்த்தே கொடுத்திருந்தேன். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராம்தான் உச்சம், மீறினால் ஈரல் பாதிக்கப்படும். சளி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். டெங்கியாகவும் இருக்கலாம் என்பதால் ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை வேண்டாம், இரத்தக்கசிவு ஆபத்து என்றார்.

அம்மா “கிறுகிறுன்னு வருது” என்றதை ஆங்கிலத்தில் சொல்லத் தடுமாறினேன். எழுந்து நிற்கும்போதா, படுத்திருக்கும்போதா என்று அவர் பொறுமையாகக் கேட்டது எவ்வளவு பெரிய ஆறுதல்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் மட்டும் இந்தத் தாதியர் எண்ணுக்கு அழைக்க வேண்டாம், நேரே அவசர ஆம்புலன்ஸ் எண் 995.

காலையில் பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனைக்குப் போனபோது அந்தத் தாளை அப்படியே மருத்துவரிடம் நீட்டினேன்.